ஓசை இல்லாமல் கோட்டைக்குள் நுழையும் பகைவன்! பெண்களை ஏமாற்றும் வெட்டை நோய்

செஞ்சிக் கோட்டையைப் பற்றிக் கேள்விப்படாதவர் தமிழ்நாட்டில் இருக்க மாட்டார்கள்.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள். மூன்றையும் சேர்த்து வளைத்துக் கட்டிய மதில். ராஜகிரியின் உச்சிக்குப் போகும் வழியில் ஆழமான ஒரு பிளவு. அதன் மேல் ஒரு பாலம். பாலத்தை எடுத்து விட்டால் எந்தப் பகைவனும் மேலே ஏற முடியாது!

1690-ம் ஆண்டில் மொகலாயத் தளபதி சுல்பிகர்கான் இந்தக் கோட்டையை முற்றுகை இட்டார். உள்ளே இருந்தவர் சிவாஜியின் மகன் ராஜாராம். முற்றுகை ஓர் ஆண்டில் முடியவில்லை. இரண்டு ஆண்டில் முடியவில்லை. 1698 வரை நீடித்தது.

அதே கோட்டையை 1750-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் பிரெஞ்சுப் படை பிடித்தது. அதற்கு எவ்வளவு காலம் ஆயிற்று தெரியுமா?

ஒரே இரவு!

மலை அதேதான். மதிலும் அதேதான். வந்தவர்கள் கதவுக்கு வெடி வைத்தார்கள். இருட்டிலே மலை ஏறினார்கள். பொழுது விடிந்தபோது கோட்டை கை மாறி விட்டது.

மதில் உயரமாக இருந்தால் மட்டும் போதாது. பகைவன் எந்த வாசலைத் தேடி வருகிறான், என்ன தந்திரம் வைத்து இருக்கிறான் என்பதும் தெரிய வேண்டும்.

மனித உடம்பும் ஒரு கோட்டைதான். தோல்தான் மதில். ரத்தத்தில் ஓடும் வெள்ளை அணுக்கள்தான் படை வீரர்கள். தினமும் எத்தனையோ கிருமிகள் வந்து மோதுகின்றன. பெரும்பாலானவை தோற்று ஓடுகின்றன.

ஆனால் ஒரு கிருமி மட்டும் இந்தக் கோட்டையின் எல்லா ரகசியங்களையும் தெரிந்து வைத்து இருக்கிறது. அதிலும் பெண்களின் உடம்புக்குள் அது நுழையும்போது, பல சமயம் ஓர் ஓசையும் கேட்பது இல்லை!

அதுதான் வெட்டை நோய்க் கிருமி.

வெட்டை என்பது என்ன?

நாட்டு வைத்தியத்தில் வெட்டை, மேகவெட்டை என்று சொல்லப்படும் நோயைத்தான் டாக்டர்கள் ‘கொனோரியா’ என்று சொல்கிறார்கள்.

இது ஆண்-பெண் உறவின் மூலம் ஒருவரிடம் இருந்து இன்னொருவருக்குத் தொற்றும். நோய் உள்ள தாய்க்குப் பிரசவம் ஆகும்போது குழந்தையின் கண்ணிலும் தொற்றும். உட்கார்ந்த நாற்காலியில் உட்காருவதால் வராது. ஒரே தட்டில் சாப்பிடுவதால் வராது. உடல் சூட்டினால் வருவதும் இல்லை.

இந்தக் கிருமி மனிதரை மட்டுமே பிடிக்கும். ஆடு, மாடு, நாய், பூனை எதற்கும் வராது. ஆகவே இது மனிதனை விட்டால் வேறு போக்கிடம் இல்லாத கிருமி. மனித உடம்பை ஏமாற்றுவதில் அது கை தேர்ந்து இருப்பதற்கு அதுவே காரணம்.

உலகத்தில் எத்தனை பேருக்கு இந்த நோய் வருகிறது? 2020-ம் ஆண்டில் மட்டும், 15 வயது முதல் 49 வயது வரை உள்ளவர்களில் 8 கோடியே 20 லட்சம் பேருக்குப் புதிதாக வந்தது என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டு இருக்கிறது.

இருபத்து நாலு வயது டாக்டர்

கிருமியைக் கண்டு பிடித்தவர் ஆல்பர்ட் நெய்சர் என்ற ஜெர்மன் டாக்டர். ஆண்டு 1879. அப்போது அவருக்கு வயது 24.

பிரெஸ்லாவ் என்ற ஊரில் அவர் வேலை பார்த்தார். (அந்த ஊர் இப்போது போலந்து நாட்டில் இருக்கிறது.) நோயாளிகளின் சீழைக் கண்ணாடித் தகட்டில் தடவினார். சாயம் ஏற்றிப் பூதக் கண்ணாடிக் கருவியில் பார்த்தார். இரண்டு இரண்டாக ஜோடி சேர்ந்த உருண்டைகள் தெரிந்தன. இரண்டு காப்பிக் கொட்டைகளை முகத்துக்கு முகம் வைத்தாற்போல் இருந்தன.

ஒரு மில்லி மீட்டரில் ஆயிரம் கிருமிகளை வரிசையாக நிறுத்தலாம். அவ்வளவு சிறியவை!

இரண்டு ஆண்டு கழித்து, 1881-ல், லைப்சிக் நகரத்துப் பிரசவ டாக்டர் கார்ல் கிரெடே ஒரு முறையை வெளியிட்டார். பிறந்த குழந்தையின் கண்ணில் ‘சில்வர் நைட்ரேட்’ மருந்தை ஒரு சொட்டு விட வேண்டும். அவ்வளவுதான். அதுவரை அவருடைய ஆஸ்பத்திரியில் நூற்றுக்குப் பத்துக் குழந்தைகளுக்கு இந்தக் கண் நோய் வந்து கொண்டு இருந்தது. பிறகு நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே குறைந்து விட்டது. எத்தனையோ குழந்தைகளின் கண் பார்வை தப்பியது.

ஆணுக்கு எரிச்சல், பெண்ணுக்கு மௌனம்

ஓர் ஆணுக்கு இந்த நோய் தொற்றினால், பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தெரிந்து விடும். சிறுநீர் கழிக்கும்போது நெருப்புப் பட்டது போல எரியும். சீழ் வரும். பயந்து போய் டாக்டரிடம் ஓடுவான்.

பெண்ணின் கதை வேறு.

நோய் தொற்றிய பெண்களில் பாதிப் பேருக்கு, அல்லது அதற்கும் மேற்பட்டவர்களுக்கு, எந்த அடையாளமும் தெரிவது இல்லை. அவள் வழக்கம்போல சமைக்கிறாள். வயல் வேலைக்குப் போகிறாள். குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறாள். உள்ளே பகைவன் குடி இருப்பது அவளுக்கே தெரியாது.

சிலருக்குக் கொஞ்சம் வெள்ளை படும். சிறுநீர் கடுக்கும். மாத விலக்குக்கு இடையில் ரத்தம் தெரியும். அடி வயிறு வலிக்கும். “சூட்டு உடம்பு, மோர் குடித்தால் சரியாகப் போய் விடும்” என்று இருந்து விடுவார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெள்ளை படுகிற எல்லாப் பெண்களுக்கும் வெட்டை நோய் இருப்பதாக நினைக்கக் கூடாது. வெள்ளை படுவதற்கு வேறு பல காரணங்கள் உண்டு. சோதனை செய்து பார்த்தால்தான் உண்மை தெரியும்.

திருட்டுச் சாவி

பெண்ணின் உடம்பு மட்டும் ஏன் அபாய மணி அடிப்பது இல்லை?

இந்தக் கேள்வி டாக்டர்களை நெடுங்காலம் திகைக்க வைத்தது. அமெரிக்காவில் ஐயோவா பல்கலைக்கழகத்து விஞ்ஞானிகள் 2001-ம் ஆண்டு வாக்கில் ஒரு விடை சொன்னார்கள்.

பெண்களுக்கு இந்தக் கிருமி முதலில் தங்கும் இடம் கருப்பையின் வாய். அங்கே கிருமி வந்ததும் உடம்பின் காவல் பொருள் ஒன்று ஓடி வந்து அதன் மேல் ஒட்டிக் கொள்கிறது. “இவன் பகைவன், பிடியுங்கள்” என்று காட்டுவதற்காக உடம்பு குத்தும் முத்திரை அது.

கிருமி என்ன செய்கிறது? அந்த முத்திரையின் உருவத்தைக் கொஞ்சம் மாற்றி விடுகிறது. மாற்றிய முத்திரையையே சாவியாக வைத்துக் கொண்டு கருப்பை வாயில் உள்ள அணுக்களின் ஒரு கதவைத் திறக்கிறது!

அந்தக் கதவு சத்தம் போடாத கதவு. அதன் வழியாக யார் உள்ளே போனாலும் வீக்கம் வராது, சீழ் கட்டாது. ஆண்களிடம் கிருமி நுழைவது வேறு கதவு வழியாக. அங்கே கலவரம் கிளம்புகிறது. ஆகவேதான் ஆணுக்கு எரிச்சல், பெண்ணுக்கு மௌனம்.

கிருமியின் ஆயுதசாலை

இவ்வளவு சின்னக் கிருமிக்கு இத்தனை தந்திரம் எங்கே இருந்து வந்தது?

எல்லாம் அதன் ஜீன்களில் எழுதப்பட்டு இருக்கிறது. ஜீன் என்பதை ‘மரபணு’ என்றும் சொல்வார்கள். அப்பாவின் மூக்கு பிள்ளைக்கு வருவது ஜீன்களால்தான். சமையல் குறிப்புப் புத்தகத்தில் சாம்பாருக்கு ஒரு பக்கம், ரசத்துக்கு ஒரு பக்கம் இருப்பது போல, உயிர் உள்ள ஒவ்வொன்றுக்குள்ளும் என்ன என்ன செய்ய வேண்டும் என்ற குறிப்பு இருக்கிறது. அந்தக் குறிப்பின் ஒவ்வொரு பக்கமும் ஒரு ஜீன்.

மனிதனுடைய புத்தகம் 300 கோடி எழுத்துக் கொண்டது. வெட்டைக் கிருமியின் புத்தகத்தில் சுமார் 21 லட்சம் எழுத்துத்தான். ஏறக்குறைய 2,000 ஜீன்கள். அவற்றில் ஒரு பகுதி முழுக்க முழுக்க ஆயுதம் செய்யும் குறிப்புகள்!

முதல் ஆயுதம், ஒட்டிக் கொள்ளும் மெல்லிய நூல்கள். மயிர் போன்ற இந்த நூல்களால் கிருமி உடம்பைப் பற்றிக் கொள்கிறது. சிறுநீர் அடித்துக் கொண்டு போனாலும் கழுவிப் போகாது.

இரண்டாவது, இரும்புத் திருட்டு. எந்தக் கிருமிக்கும் உயிர் வாழ இரும்புச் சத்து வேண்டும். மனித உடம்பு அதைப் பூட்டி வைத்து இருக்கும். வெட்டைக் கிருமி அந்தப் பூட்டை உடைக்கும் கருவியை வைத்து இருக்கிறது. அதுவும் மனிதரின் பூட்டுக்கு மட்டும் பொருந்தும் கருவி.

மூன்றாவது, போர்வை. மனித உடம்பின் சர்க்கரைப் பொருள் ஒன்றை எடுத்துக் கிருமி தன் மேல் போர்த்திக் கொள்கிறது. வெள்ளை அணுக்கள் பார்க்கும்போது “நம்மவன்தான்” என்று விட்டு விடுகின்றன.

நாளுக்கு ஒரு வேஷம்

எல்லாவற்றையும் விடப் பெரிய தந்திரம் மாறு வேஷம்.

போலீஸ்காரர் ஒரு திருடனின் படத்தை ஒட்டி வைக்கிறார். திருடன் மறு நாள் மீசையை எடுத்து விடுகிறான். அடுத்த நாள் தாடி வைத்துக் கொள்கிறான். எப்படிப் பிடிப்பது?

கிருமியின் நூலைச் செய்யும் ஜீன் ஒன்றுதான். ஆனால் அதைப் போலவே, வேலை செய்யாமல் சும்மா கிடக்கும் துண்டு ஜீன்கள் பல இருக்கின்றன. விஞ்ஞானிகள் நுணுகி ஆராய்ந்த ஒரு ரகத்தில் 19 துண்டுகள் இருந்தன. இந்தத் துண்டுகளில் இருந்து கொஞ்சம் கொஞ்சம் எடுத்து, வேலை செய்யும் ஜீனில் ஒட்டுப் போட்டுக் கொள்கிறது கிருமி. ஒட்டுப் போடும்போது எல்லாம் நூலின் உருவம் மாறி விடும்!

கிருமியின் மேல் தோலில் ‘ஓபா’ என்று ஒரு வகைப் புரதம் உண்டு. அதற்கு 11 ஜீன்கள். ஒவ்வொன்றையும் மின்சார விளக்கின் சுவிச்சைப் போலத் தனித் தனியாகப் போடவும் அணைக்கவும் கிருமியால் முடியும். 11 விளக்கில் எது எரியும், எது அணையும் என்று யாருக்குத் தெரியும்?

ஆகையால் உடம்பு ஒரு வேஷத்தை அடையாளம் கண்டு ஆயுதம் தயாரிப்பதற்குள், கிருமி வேறு வேஷத்தில் வந்து விடுகிறது.

அம்மை வந்தவருக்கு மறுபடியும் அம்மை வருவது அபூர்வம். உடம்பு ஞாபகம் வைத்துக் கொள்ளும். ஆனால் வெட்டை நோய் குணமான ஒருவருக்கு மறுபடியும் வரும். எத்தனை தடவை வேண்டுமானாலும் வரும்.

வீரனைத் தூங்க வைக்கும் கிருமி

மறைந்து கொள்வதோடு கிருமி நிற்பது இல்லை. படைக்கே தவறான உத்தரவு கொடுக்கிறது!

உடம்பில் இரண்டு வகை வீரர்கள் உண்டு. ஒரு வகை, சத்தம் கேட்டதும் ஓடி வந்து கண்டபடி அடிப்பவர்கள். சீழ் என்பது இவர்கள் செத்துக் குவிந்ததுதான். இன்னொரு வகை, பகைவனின் முகத்தை ஞாபகம் வைத்துக் கொண்டு, அடுத்த தடவை குறி பார்த்து அடிப்பவர்கள்.

வெட்டைக் கிருமி முதல் வகையைக் கிளப்பி விட்டு, இரண்டாவது வகையைத் தூங்க வைத்து விடுகிறது. ஞாபகம் வைக்க வேண்டிய அணுக்களின் மேல் ஓபா புரதம் கை வைத்து அழுத்துவதை, கனடாவில் டொராண்டோ நகர விஞ்ஞானிகள் 2002-ல் காட்டினார்கள். அமெரிக்காவில் பஃபலோ பல்கலைக்கழகத்தார் எலிகளில் இந்தத் தூக்கத்தைக் கலைத்துப் பார்த்தார்கள். எலிகள் நோயை விரைவில் விரட்டின. மறுபடி கிருமியைச் செலுத்தியபோது நன்றாக எதிர்த்து நின்றன.

ஆணின் உடம்பிலும் பெண்ணின் உடம்பிலும் கிருமி ஒரே மாதிரி நடந்து கொள்கிறதா? இல்லை. சீனாவில் நான்ஜிங் நகரத்து நோயாளிகளிடம் எடுத்த கிருமிகளை ஆராய்ந்து 2018-ல் ஒரு முடிவு வெளியானது. ஆண்களிடம் எடுத்த கிருமிகளில், மருந்தை எதிர்க்கும் ஜீன்கள் கூடுதலாக வேலை செய்து கொண்டு இருந்தன. பெண்களிடம் எடுத்தவற்றில் அவை அவ்வளவு வேலை செய்யவில்லை. தங்கும் வீட்டுக்கு ஏற்றபடி ஆயுதத்தை எடுக்கிறது கிருமி.

நைரோபிப் பெண்களின் உதவி

ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டின் தலைநகர் நைரோபி. அங்கே பும்வானி என்ற ஏழைகள் பகுதியில், பிழைப்புக்காக உடலை விற்க நேர்ந்த பெண்களுக்கு 1980-களில் ஒரு வைத்திய நிலையம் நடந்தது. நைரோபி, கனடாவின் மானிடோபா ஆகிய இரு பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்கள் நடத்தினார்கள். டாக்டர் பிராங்க் பிளம்மர் அவர்களில் ஒருவர்.

அந்தப் பெண்கள் பல ஆண்டுகள் தொடர்ந்து வந்து ரத்தம் கொடுத்தார்கள். அதில் இருந்து இரண்டு உண்மைகள் கிடைத்தன.

ஒன்று ஆச்சரியமானது. கிருமியை எதிர்க்க உடம்பு செய்யும் பொருளுக்கு ‘எதிர்ப்பொருள்’ என்று பெயர். அது இருந்தால் நோய் வராது என்றுதான் எல்லோரும் நினைப்போம். ஆனால் கிருமியின் தோலில் உள்ள ஒரு புரதத்துக்கு எதிராக எதிர்ப்பொருள் உண்டான பெண்களுக்கு நோய் அதிகமாக வந்தது! 1993-ல் இது வெளியானது. அந்தப் புரதம் ஒரு பொய் இலக்கு. உடம்பின் அம்பு எல்லாம் அங்கே போய்த் தைக்கும். தைத்த அம்பே, சரியான இடத்துக்கு வரும் மற்ற அம்புகளை மறித்து விடும்.

இரண்டாவது நம்பிக்கை தருவது. ஓபா புரதத்துக்கு எதிர்ப்பொருள் இருந்த பெண்களுக்கு, நோய் மேலே ஏறிக் கருக்குழாயைக் கெடுப்பது குறைந்து இருந்தது. இது 1994-ல் வெளியானது.

சரியான இலக்கைக் காட்டினால் பெண்ணின் உடம்பு எதிர்த்து நிற்கும். தடுப்பு ஊசி தேடும் விஞ்ஞானிகளுக்கு வழி காட்டியவர்கள் இந்த ஏழைப் பெண்கள்தான்.

“மலடி” என்ற பழி

கருப்பை வாயில் இருக்கும் கிருமியைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும்?

மேலே ஏறும். மாத விலக்குச் சமயத்தில் ஏறுவது சுலபம். கருப்பையைத் தாண்டிக் கருக்குழாய்க்குப் போகும். வைத்தியம் செய்து கொள்ளாத பெண்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேருக்கு இப்படி ஆகிறது.

கருக்குழாயின் உட்புறத்தில் மெல்லிய ரோமம் உள்ள அணுக்கள் இருக்கின்றன. காற்றில் நெற்பயிர் அசைவது போல அவை அசைந்து, கருமுட்டையைக் கருப்பையை நோக்கித் தள்ளி விடும். கிருமி அதன் பக்கத்து அணுக்களுக்குள் நுழைந்து விஷப் பொருளை விடுகிறது. அசையும் அணுக்கள் செத்து உதிர்கின்றன. பிறகு அந்த இடம் தழும்பாகி அடைத்துக் கொள்கிறது.

இரண்டு பக்கமும் அடைத்தால் பிள்ளை பிறக்காது. அரைகுறையாக அடைத்தால், கரு குழாயிலேயே தங்கி வளரும். குழாய் வெடித்தால் தாயின் உயிருக்கே ஆபத்து.

இங்கேதான் ஒரு பெரிய அநியாயம் நடக்கிறது.

கிருமியை வீட்டுக்குக் கொண்டு வந்தவன் கணவனாக இருக்கலாம். அவனுக்கு எரிச்சல் வந்தது, மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக் கொண்டான், சரியாகி விட்டது. மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளுக்கு அடையாளமே தெரியவில்லை. நாலைந்து ஆண்டு ஆகியும் வீட்டில் தொட்டில் ஆடவில்லை. யாருக்குப் பெயர்? “மலடி” என்று அவளுக்குத்தான்! அவனுக்கு இரண்டாம் கலியாணம் பேசும் மாமியார்கள் கூட உண்டு.

ஒரு குற்றமும் செய்யாத பெண், நோயையும் சுமக்கிறாள், பழியையும் சுமக்கிறாள்.

பெண்களைப் பூட்டிய ஆஸ்பத்திரி

பெண் மேல் பழி போடுவது புதிய வழக்கம் அல்ல. வெள்ளைக்காரர் ஆட்சியில் சர்க்காரே அதைச் செய்தது.

1805-ம் ஆண்டு முதல் சென்னை மாகாணத்தில், பட்டாளம் தங்கிய ஊர்களில் ‘லாக் ஆஸ்பத்திரி’கள் ஏற்பட்டன. பட்டாளத்துச் சிப்பாய்களுக்கு மேக நோய் வந்தால், காரணம் பெண்கள்தான் என்று முடிவு கட்டினார்கள். சந்தேகப்பட்ட பெண்களைப் பிடித்து வந்து சோதித்தார்கள். நோய் இருந்தால், குணமாகும் வரை அடைத்து வைத்தார்கள். சிப்பாய்களை அப்படி அடைக்கவில்லை.

1868-ல் இதற்காகத் தனிச் சட்டமே வந்தது. இங்கிலாந்தில் ஜோசபின் பட்லர் என்ற அம்மையார் இப்படிப்பட்ட சட்டங்களை எதிர்த்துக் கிளர்ச்சி செய்தார். இந்தியாவில் அந்தச் சட்டம் 1888-ல் ரத்தாயிற்று.

இத்தனை கொடுமை செய்தும் நோய் ஒழிந்ததா? ஒழியவில்லை. ஆணை விட்டு விட்டுப் பெண்ணை மட்டும் பிடித்தால் நோய் எப்படி ஒழியும்? ஒரு கதவைப் பூட்டி விட்டு மறு கதவைத் திறந்து வைத்த கதைதான்.

மருந்தையும் வெல்லும் கிருமி

1943-ல் பென்சிலின் இந்த நோய்க்கு வந்தது. ஓர் ஊசியில் நோய் பறந்தது. “இனி வெட்டை நோயே இருக்காது” என்று உலகம் சந்தோஷப்பட்டது.

கிருமி சும்மா இருக்கவில்லை. 1976-ல், பென்சிலினை வெட்டி எறியும் ஜீனோடு ஒரு ரகம் தலை காட்டியது. பிறகு வந்த மாத்திரைகளையும் ஒவ்வொன்றாக அது வென்றது. ஒரு கிருமி இன்னொரு கிருமியிடம் இருந்து ஜீனைக் கடன் வாங்கிக் கொள்ளும். உள்ளே வந்த மருந்தை வெளியே இறைத்துக் கொட்டும் பம்பு கூட அதனிடம் இருக்கிறது!

இப்போது உலகம் பெரிதும் நம்பி இருப்பது ‘செப்ட்ரியாக்சோன்’ என்ற ஊசி மருந்தை. அதற்கும் அடங்காத கிருமி ஜப்பானில் 2009-ல் பிடிபட்டது.

புதிய மருந்து தேடும் முயற்சியும் நடக்கிறது. ‘சோலிஃப்ளோடாசின்’ என்ற மருந்தை ஐந்து நாடுகளில் 930 பேருக்குக் கொடுத்துப் பார்த்ததில் நல்ல பலன் என்று 2023-ல் தெரிந்தது.

டாக்டரைக் கேட்காமல் மருந்துக் கடையில் ஏதோ ஒரு மாத்திரையை வாங்கி, அரைகுறையாகச் சாப்பிடுவது ஆபத்து. அது கிருமிக்குப் பயிற்சி கொடுப்பது போல. செத்தவை போக, பிழைத்தவை எல்லாம் மருந்தை அறிந்தவை!

தடுப்பு ஊசி வருமா?

எதிர்பாராத இடத்தில் இருந்து ஒரு வெளிச்சம் வந்தது.

நியூசிலாந்து நாட்டில் 2004 முதல் 2006 வரை மூளைக் காய்ச்சலைத் தடுக்க ஓர் ஊசி போட்டார்கள். மூளைக் காய்ச்சல் கிருமியும் வெட்டைக் கிருமியும் ஒன்றுக்கு ஒன்று பங்காளிகள். ஒரே வம்சம். பிற்பாடு கணக்கைப் புரட்டிப் பார்த்தபோது, ஊசி போட்டவர்களுக்கு வெட்டை நோயும் 31 சதவிகிதம் குறைந்து இருந்தது! இது 2017-ல் வெளியானது.

அதே வகையைச் சேர்ந்த ஓர் ஊசியை, வெட்டை நோய் வரும் அபாயம் கூடுதலாக உள்ள ஆண்களுக்கு இங்கிலாந்து அரசாங்கம் 2025 ஆகஸ்டு முதல் போட ஆரம்பித்தது. முழுப் பாதுகாப்பு இல்லை. ஆனாலும் மதிலில் ஒரு கல் ஏறி இருக்கிறது.

குடும்பத்தார் செய்ய வேண்டியது என்ன?

வெட்டை நோய் குணமாகக் கூடிய நோய். பயப்பட வேண்டாம். மறைக்கவும் வேண்டாம்.

வெள்ளை படுதல் நிறம் மாறினாலும், நாற்றம் இருந்தாலும், சிறுநீர் எரிந்தாலும், அடி வயிறு வலித்தாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். கருப்பை வாயில் இருந்து பஞ்சால் தொட்டு எடுத்துச் சோதிப்பார்கள். சில நிமிஷ வேலை.

கணவனுக்கு நோய் வந்தால், மனைவிக்கு ஒரு தொந்தரவும் இல்லை என்றாலும் அவளையும் சோதிக்க வேண்டும். மனைவிக்கு வந்தால் கணவனையும் சோதிக்க வேண்டும். ஒருவர் மட்டும் மருந்து சாப்பிட்டால், குணமானவருக்கு மற்றவரிடம் இருந்து மறுபடியும் தொற்றும். இருவரும் ஒரே சமயத்தில் மருந்து எடுத்துக் கொண்டு, ஒரு வாரம் சேராமல் இருக்க வேண்டும். மூன்று மாதம் கழித்து மறுபடியும் ஒரு சோதனை செய்து கொள்வது நல்லது.

கர்ப்பமான பெண்கள், சந்தேகம் இருந்தால் பிரசவத்துக்கு முன்பே டாக்டரிடம் சொல்லி விட வேண்டும். குழந்தையின் கண்ணைக் காப்பாற்றலாம்.

ஆணுறை நல்ல பாதுகாப்பு.

செஞ்சி வட்டாரத்தில் உள்ளவர்கள் வெகு தூரம் போக வேண்டியது இல்லை. செஞ்சியில் அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கிறது. விழுப்புரத்துக்குப் பக்கத்தில் முண்டியம்பாக்கத்தில் 2010-ம் ஆண்டு முதல் அரசு மருத்துவக் கல்லூரி நடக்கிறது. பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இந்த நோய்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. தமிழ்நாட்டில் அதற்கு ‘சுகவாழ்வு மையம்’ என்று பெயர். நோயாளியின் மனம் கூசக் கூடாது என்பதற்காக வைத்த பெயர். சோதனை இலவசம். மருந்து இலவசம். சொன்னது வெளியே போகாது. நேரில் கேட்கக் கூச்சமாக இருந்தால் 1097 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்யலாம். காசு கிடையாது.

“யாரால் வந்தது?” என்ற சண்டையை ஒத்தி வைக்கலாம். மருந்தை ஒத்தி வைக்கக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில் கணவனும் மனைவியும் சேர்ந்து ஏறினால், பாதி நோய் அப்போதே தீர்ந்தது!